தலைசுற்றலுக்கு ஒரு ஸ்வீட்டி

ஸ்வீட்டி என்று பெயர் வைத்தவர் அவளுடைய அப்பா தியோடர். லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பிறந்த குழந்தை தன்னைப் பார்த்துச் சிரித்ததாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதை நம்பிப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இந்த இருபத்தெட்டு வருடமாக அந்தப் பெயருக்கும் அவள் சுபாவத்துக்கும் ஏழாம் பொருத்தம்தான். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிற பெண் அவள். ஞாயிறு பள்ளியில், மீன் வயிற்றுக்குள் யோனா எப்படி மூச்சு விட்டான் என்று விடாமல் கேட்டு டீச்சரைக் கண்ணீர் விட வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்ட பெண் டாக்டராவாள் என்று குடும்பமே நினைத்தது. நுழைவுத் தேர்வு ரேங்க் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதால் ஃபிசியோதெரபி கிடைத்தது. அம்மா டோரிஸ் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்வீட்டிக்கோ முதல் வருடத்திலேயே அந்தப் படிப்பு பிடித்துப்போயிற்று. இடுப்பில் பிசகினால் முழங்கால் வலிக்கும், கழுத்து நரம்பு நசுங்கினால் சுண்டுவிரல் மரத்துப்போகும் என்றெல்லாம் படித்தபோது, உடம்பைப் போல ஒரு துப்பறியும் கதை கிடையாது என்று தோழிகளிடம் சொல்லித் திரிந்தாள்.

வேலைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அல்வாலில் ஜெகதீஸ்வரன் நடத்திவந்த ஈஸ்வர் ஃபிசியோ சென்டரில் துப்பும் கிடையாது, துலக்குவதும் கிடையாது. முதுகு வலியோ, முழங்கால் வலியோ, கழுத்து வலியோ, எதுவானாலும் ஒரே பூஜைதான். முதலில் சூட்டு ஒத்தடம். பிறகு கரண்ட். கழுத்தென்றால் அதற்கு மேல் எடை கட்டி ஒரு இழுவை. பத்து தடவை வந்தால் ஒரு பேக்கேஜ். மெஷினைப் பொருத்திவிட்டு மணி அடிக்கிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தச் சுவரில் ஒரு முருகன் காலண்டர் இருந்தது. ஐந்து வருடத்தில் ஸ்வீட்டி முருகனைப் பார்த்த அளவுக்குப் பக்தர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜெகதீஸ்வரன் கெட்டவரில்லை. ஐம்பது வயது, கலகலப்பான ஆள். யார் வந்தாலும் டீ வாங்கிக் கொடுப்பார். ஸ்வீட்டி ஏதாவது கேள்வி கேட்டால் மட்டும், "அம்மா ஸ்வீட்டி, அந்த மெஷின் போன தலைமுறையிலேயே எல்லாத்தையும் யோசிச்சு முடிச்சிடுச்சு. நீ ஸ்விட்சைப் போடு," என்பார்.

வெளியிலும் மரியாதை அப்படித்தான். சர்ச் முடிந்து வாசலுக்கு வந்தால் நாலு ஆன்ட்டிகள் சேலைத் தலைப்பை விலக்கித் தோளைக் காட்டுவார்கள். "கொஞ்சம் பிடிச்சு விடு பாப்பா, மசாஜ் படிச்ச பிள்ளைதானே?" ஆராதனையில் அமைதியாக இருந்த மனது அந்த இடத்தில் கெட்டுப்போகும்.

ஹைதராபாத்தில் இப்படி மண்டை காய்ந்துபோன ஃபிசியோக்களுக்கென்றே ஒரு வாசல் திறந்திருக்கிறது. மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாருக்கோ வயிற்று வலி வரும். அந்த ஆஸ்பத்திரிக் குறிப்பைப் படித்து, இந்த வலிக்கு இந்த எண் என்று மாதாப்பூரில் உட்கார்ந்து போட வேண்டும். ஸ்வீட்டியின் தம்பி பிளஸ்ஸன் அந்த வேலையில்தான் இருந்தான். அவன் சொல்லித்தான் அக்காவும் பரீட்சை எழுதினாள். முதல் தடவையிலேயே தேறினாள். வருகிற முதல் தேதி, திங்கட்கிழமை, வேலையில் சேர வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது.

"ஏட்டி, ஏசி ரூம்ல உக்காந்து வேல, வீட்டு வாசல்ல கார் வந்து கூட்டிட்டுப் போவும். இதவிட என்ன வேணும் ஒனக்கு?" என்றாள் டோரிஸ். இந்த வேலை கிடைத்தால் சர்ச் அசன விருந்துக்கு ஒரு மூடை அரிசி தருவதாக அவள் பொருத்தனை செய்திருந்தாள். கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்து முப்பது வருடமாகியும் டோரிஸின் பேச்சிலிருந்து திருநெல்வேலி கொஞ்சமும் கழலவில்லை.

ஏசிக்கும் காருக்கும் ஸ்வீட்டி மயங்கவில்லை. அங்கே தினமும் ஏதாவது யோசிக்க வேண்டியிருக்கும் என்று பிளஸ்ஸன் சொன்னானே, அதற்குத்தான் மயங்கினாள். தன் மூளை துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவள் நிஜமாகவே பயந்தாள். ஒருநாள் மெஷினின் மணி அடித்தது. அவள் போய் நின்று, படுத்திருந்தவரிடம் வலி எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் எட்டு நாளாக வந்துகொண்டிருந்தவர். அன்றைக்கு ஆட்டோவில் வீடு திரும்பும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராஜினாமாவை மறுநாளே கொடுத்துவிட்டாள்.

"போறதுதான் போறே, மாசக் கடைசி வரைக்கும் இருந்துட்டுப் போ," என்றார் ஜெகதீஸ்வரன்.

அந்த மாதக் கடைசியில்தான் சீதாராமன் வந்தார்.

சனத்நகரில் ஒரு பம்பு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். வெள்ளைப் பட்டையாகக் கழுத்தைச் சுற்றி ஒரு காலர் போட்டிருந்தார். கூடவே கையைப் பிடித்தபடி மனைவி மங்களம். மூன்று வாரமாகத் தலைசுற்றல். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, அதனால் சுற்றுகிறது என்று சொல்லிவிட்டார். அறுபத்தெட்டு வயதில் யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும். நம் ஊரில் தலை சுற்றினால் பழி விழுவது எப்போதும் கழுத்தின் மேல்தான்.

ஸ்வீட்டியும் வழக்கம்போல ஒத்தடம் வைத்தாள், கரண்ட் கொடுத்தாள். மூன்றாம் நாள் இழுவைக்காக அவரைப் படுக்க வைத்து, தலையை லேசாக வலப்பக்கம் திருப்பினாள். "ஐயோ, சுத்தறதே! மங்களம், பிடிச்சுக்கோ!" என்று அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்தார். மங்களம் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் ஸ்வீட்டி அவர் கண்களைப் பார்த்தாள். இரண்டு கருவிழிகளும் தாமாகவே சுழன்று சுழன்று துடித்தன. அரை நிமிடம் ஆடிவிட்டு அடங்கின. கழுத்து தேய்ந்தவனுக்குக் கண் எதற்கு ஆட வேண்டும்?

"சார், உக்காந்திருக்கும்போது சுத்துதா?"

"இல்லியே. உக்காந்தா, நடந்தா ஒண்ணுமில்லே. படுத்தா சுத்தறது, பொரண்டா சுத்தறது. டாக்டர்ட்ட சொன்னேன், அவர் காலரை டைட்டா போட்டுக்கோன்னார்."

கல்லூரியில் யாரோ ஒரு விருந்தினர் வந்து ஒரு மணி நேரம் இப்படிப்பட்ட தலைசுற்றலைப் பற்றிப் பேசியது ஸ்வீட்டிக்கு ஞாபகம் வந்தது. பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று வகுப்பில் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். அன்றைக்கு இழுவையை வைக்காமல், நாளைக்கு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் பழைய பாடப் புத்தகத்தை அலமாரியிலிருந்து இழுத்தாள். விஷயம் இதுதான். நம் ஒவ்வொரு காதுக்குள்ளேயும் நீர் நிரம்பிய மூன்று சின்ன வளைகுழாய்கள் ஒவ்வொரு திசையில் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். பக்கத்து அறையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் சில சமயம் கழன்று, ஏதாவது ஒரு குழாய்க்குள் விழுந்துவிடும். படுத்தால் அவை உருளும். உலகமே உருள்வதாக மூளை நினைத்துக்கொள்ளும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று கண் ஆடுகிற விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் மருந்தும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். தலையைச் சரியான வரிசையில் திருப்பித் திருப்பி, துகளை வந்த வழியே வெளியே கொட்டிவிடலாம்.

படித்தால் புரிந்தது, ஆனால் மனக்கண்ணில் வரவில்லை. சலைன் டியூபில் கொஞ்சம் வெட்டி, தண்ணீர் நிரப்பி, நாலு கடுகைப் போட்டு, வளைத்து முனைகளைக் கட்டித் தலையோடு பிடித்துக்கொண்டு, சோபாவில் படுப்பதும் எழுவதுமாக இருந்தாள்.

"என்னட்டி பண்ணுத?" என்றாள் டோரிஸ்.

"கடுகு எங்கே போகுதுன்னு பாக்கறேம்மா."

"நல்லா பாரு. கெடைச்சா ரசத்துக்குப் போடணும்."

மறுநாள் சீதாராமனை உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி பின்னால் சாய்த்துப் படுக்க வைத்தாள். கண் சுழன்றது. ஃபோனில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். வலக் காது, பின்பக்கக் குழாய். சந்தேகமே இல்லை. புத்தகம் சொன்னபடி தலையை மெதுவாக இடப்பக்கம் கொண்டுவந்தாள். உடம்போடு புரட்டினாள். தரையைப் பார்க்க வைத்தாள். எழுப்பி உட்கார வைத்தாள். மறுபடி படுக்க வைத்துப் பார்த்தால், கண்கள் அசையாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னம்மா பண்ணினே?" என்று கேட்டார் சீதாராமன். தானே தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "மங்களம், நின்னுடுத்துடீ!"

மங்களம் கண்ணை மூடி, யாருக்கோ மனசுக்குள் நன்றி சொன்னாள். ஜெகதீஸ்வரன் எட்டிப் பார்த்து, இன்னும் ஆறு சிட்டிங் பாக்கி இருக்கிறதே என்று கவலைப்பட்டார். ஸ்வீட்டி கைகழுவப் போவதுபோல உள்ளே போய், தனியாக இரண்டு குதி குதித்தாள்.

அன்று மாலை பிளஸ்ஸனிடம் சொன்னபோது அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஹவ் அக்கா, ஆமா, சூப்பர்தான். ஆனா ஒரு கேஸ். நாளைக்கு மறுபடி முட்டி, முதுகுதானே வரும்? இந்தத் தலைசுத்தலும் ரெண்டு தடவை பண்ணினா அதுவும் மெஷின் மாதிரி ஆயிடும். அதுக்காக இந்த வேலையை விடறதா? நக்கோ, வேண்டாம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சந்தோஷத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது. திங்கட்கிழமைக்குப் போட்டுக்கொள்ளச் சுடிதாரை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

ஐந்து நாள் கழித்து சீதாராமன் வந்தார். வந்தார் என்று சொல்லக்கூடாது. மங்களமும் ஆட்டோக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முகம் வெளுத்திருந்தது. கையில் வாந்தி எடுக்க ஒரு பிளாஸ்டிக் பை.

"முன்னைவிட மோசம். பொரண்டா போறும், பம்பரமாட்டம் சுத்தறது," என்றாள் மங்களம். குரலில் கோபம் இருந்தது. "நன்னா ஆயிடுத்துன்னு நெனச்சோமே. என்னம்மா பண்ணினேள்?"

ஸ்வீட்டி முன்பு செய்த அதே சோதனையைச் செய்தாள். கண் அன்றைக்குப் போலச் சுழலவில்லை. அதே சிகிச்சையை மறுபடி செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை, அவருக்கு வாந்திதான் வந்தது.

"பாத்தியா? கழுத்துதான்," என்றார் ஜெகதீஸ்வரன் மெதுவாக. குத்திக்காட்டுகிற தொனி இல்லை, அவர் நிஜமாகவே நம்பினார். "காலரைத் திருப்பிப் போடும்மா. நீயே நாளை மறுநாளோட கிளம்பறே, எதுக்கு இந்த வம்பு?"

கிளம்பியிருக்கலாம். ஆனால் இப்படிப் போனால், ஒரு மனிதரை முன்பைவிட மோசமாக்கிவிட்டுப் போனோம் என்பது வாழ்நாள் முழுக்கக் கூட வரும் என்று ஸ்வீட்டிக்குப் பட்டது. தவறு தன்னுடையதா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த ஏசி அறையிலும் அவளால் உட்கார முடியாது.

"ஒரு அஞ்சு நிமிஷம் சார்," என்றாள்.

அவரை நேராகப் படுக்க வைத்தாள். தலையை மட்டும் வலப்பக்கம் உருட்டினாள். கண்கள் பக்கவாட்டில், தரையை நோக்கி, வெடுக் வெடுக்கென்று அடித்தன. இடப்பக்கம் உருட்டினாள். அப்போதும் அடித்தன, ஆனால் வேகம் குறைவு. ஃபோனை எடுத்து, அன்றைக்குப் பிடித்த படத்தையும் இன்றைய படத்தையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தாள். அன்றைக்குச் சுழற்சி. இன்றைக்குப் பக்கவாட்டு. காது அதே வலக் காதுதான், குழாய் வேறு. வெளியே கொட்டிய துகள் பக்கத்துக் குழாய்க்குள் போயிருக்கிறது.

ஆனால் எப்படிப் போனது? படுத்த நிலையில் உடம்பு நிறைய உருண்டிருந்தால் போகலாம். தூக்கத்தில் புரண்டால் அது போதாது.

"சார், வீட்ல ஏதாவது வித்தியாசமா பண்ணினீங்களா?"

"ஒண்ணும் பண்ணலியே," என்றார் சீதாராமன் அவசரமாக. மங்களம் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

ஸ்வீட்டி அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு முழங்கையிலும் தோல் புதிதாக உரசிச் சிராய்த்திருந்தது. காலைப் பார்த்தாள். இரண்டு கணுக்காலிலும் வெளிப்பக்கம் அதே சிராய்ப்பு. மாடிப்படியில் விழுந்தால் ஒரு பக்கம்தான் அடிபடும். உடம்பின் எல்லாப் பக்கமும் தரையில் தேய்கிற மாதிரி ஒரு மனிதன் என்ன செய்வான்? செகந்திராபாத் தமிழர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு இதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை.

"மாமி," என்றாள் மங்களத்தைப் பார்த்து, "கோயில்ல எத்தனை சுத்து?"

மங்களத்தின் முகம் போன போக்கைப் பார்த்து ஜெகதீஸ்வரனே ஒரு அடி முன்னால் வந்தார்.

"மூணு," என்றாள் மங்களம் மெல்லிய குரலில். "நான்தான் வேண்டிண்டேன். தலைசுத்தல் நின்னா அங்கப்பிரதட்சிணம் பண்ணச் சொல்றேன்னு. நின்னுடுத்தோல்லியோ, மறுநாள் கார்த்தாலயே பத்மாராவ் நகர் முருகன் கோயிலுக்குப் போயிட்டோம். ஈர வேஷ்டியோட பிராகாரத்தைச் சுத்தி உருண்டார். ரெண்டாவது சுத்துலயே லேசா ஆரம்பிச்சுதாம். சுவாமி காரியம், பாதில நிறுத்தப்படாதுன்னு இவர் முடிச்சுட்டார்."

"நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு. சொன்னா தப்பா நெனச்சுப்பியோன்னு..." என்று இழுத்தார் சீதாராமன்.

"எங்கம்மாவும் பொருத்தனை வைக்கிறவங்கதான் சார். நேர்ந்துக்கிட்டதை நிறைவேத்தலைன்னா எங்க வீட்லயும் யாரும் தூங்க மாட்டாங்க," என்றாள் ஸ்வீட்டி. அவளுக்குச் சிரிப்பும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. ஆனால் சிரிக்கிற நேரமில்லை. "எந்தப் பக்கமா உருண்டீங்க?"

"வலப்பக்கமா. தலை சுவாமியைப் பாத்து இருக்கணும், பிரதட்சிணமாப் போகணும், அப்போ வலப்பக்கம்தானே வரும்?"

வலக் காதில் துகளை வைத்துக்கொண்டு, மூன்று சுற்று வலப்பக்கமாக. ஸ்வீட்டி ஒரு நிமிடம் கண்ணை மூடி, குழாயைத் தலைக்குள் திருப்பிப் பார்த்தாள். உருண்ட ஒவ்வொரு தடவையும் துகள் இன்னும் உள்ளேதான் போயிருக்கும். இந்தக் குழாய்க்குப் புத்தகத்தில் சொல்லியிருந்த சிகிச்சை என்னவென்று ஞாபகம் வந்ததும், தன்னையறியாமல் "ஆண்டவரே" என்று முனகினாள். படுத்த வாக்கில் உருள வேண்டும். முழுச் சுற்று. இடப்பக்கமாக.

விஷயத்தைச் சொன்னாள். சீதாராமன் வாந்திப் பையை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இடப்பக்கமாவா? அப்பிரதட்சிணமா? அம்மாடி, அது செத்துப்போனவாளோட அபர காரியத்துக்குன்னா பண்றது! அன்னிக்குப் பிரதட்சிணமா உருண்டதை இன்னிக்குத் திருப்பி உருட்டினா, வேண்டுதலையே வாபஸ் வாங்கின மாதிரி ஆயிடாதா? நான் காலரோடயே இருந்துட்டுப் போறேன்."

மருத்துவம் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணின் அசைவுக்கும் காதின் குழாய்க்கும் ஸ்வீட்டியிடம் பதில் இருந்தது. இதற்கு அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. ஜெகதீஸ்வரன் தாடையைச் சொறிந்தார். கரண்ட் வைத்துக்கொண்டு படுத்திருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

தீர்ப்பு மங்களத்திடமிருந்து வந்தது.

"ஏன்னா, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்கோ. பிரதட்சிணம்னா நடுவுல சுவாமி இருக்கணும். சன்னிதியே இல்லாத எடத்துல பிரதட்சிணம் ஏது, அப்பிரதட்சிணம் ஏது? ஒரு மனுஷன் படுத்துண்டு பொரள்றான், அவ்வளவுதானே?" என்றவள், அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை சுவரில் நின்றது. "அந்தக் காலண்டரை மட்டும் செத்த வெளியில கொண்டுபோய் வெச்சுடுங்கோ."

ஜெகதீஸ்வரன் மறுபேச்சுப் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஆணியிலிருந்து முருகனை இரண்டு கையாலும் எடுத்து, முன்னறை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

தரையில் உடற்பயிற்சிப் பாயை விரித்தார்கள். ஸ்வீட்டி சீதாராமனின் தலையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மல்லாந்து படுத்தவரை இடப்பக்கம் திருப்பினாள். காத்திருந்தாள். கண் ஆடி அடங்கியது. குப்புறப் புரட்டினாள். காத்திருந்தாள். வலப்பக்கம். மறுபடி மல்லாந்து. "பொரளுங்கோ, பொரளுங்கோ, முகத்தைச் சுளிக்காதேங்கோ, கோயில்ல உருண்டப்போ இந்த மூஞ்சியா இருந்தது?" என்று மங்களம் கூடவே குனிந்து நடந்தாள். இரண்டாவது உருளலில் கண் கொஞ்சம்தான் ஆடியது. மூன்றாவதில் ஆடவே இல்லை.

ஸ்வீட்டி மறுபடி சோதித்தாள். வலம், இடம், பின்பக்கச் சாய்வு, எல்லாம். சந்தோஷத்தில் பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மங்களம் அவள் தலையில் கைவைத்து, "நன்னா இரு," என்றாள்.

"இன்னும் ஒரு வாரத்துக்கு எந்தக் கோயில்லயும் உருளக்கூடாது. வேற வேண்டுதல் பாக்கி இருக்கா, இப்பவே சொல்லிடுங்க மாமி."

"திருப்பதில மொட்டை ஒண்ணு இருக்கு," என்றாள் மங்களம்.

"அதைத் தாராளமா பண்ணுங்க."

அவர்கள் போன பிறகு ஜெகதீஸ்வரன் காலண்டரைத் திரும்ப மாட்டினார். அதன் முன்னால் நின்றபடியே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"இத்தனை வருஷத்துல தலைசுத்தலுக்குன்னு நான் எத்தனை பேருக்குக் காலர் மாட்டியிருப்பேன், ஸ்வீட்டி?"

அவர் மனசு கஷ்டப்படுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று மாலை டீ குடிக்காமலே உட்கார்ந்து, பழைய ஆட்கள் ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டார். தலைசுற்றல் நின்றதா என்று விசாரித்தார். நிற்காத மூன்று பேர் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமைதான் ஸ்வீட்டிக்கு அங்கே கடைசி நாள்.

முதலில் வந்தவர் ஒரு முன்னாள் ராணுவக்காரர். இடக் காது, பின்பக்கக் குழாய். பத்து நிமிடத்தில் சரியாகி, சல்யூட் அடிக்காத குறையாகப் போனார். அடுத்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். வலக் காது, அதே குழாய். அவருக்கும் நின்றது. ஸ்வீட்டிக்கு மகிழ்ச்சிதான், ஆனால் உள்ளே ஒரு மூலையில் தம்பியின் குரல் கேட்டது. இதுவும் கை தானாகச் செய்கிற வேலையாக ஆகிவிடும் போலிருக்கிறதே?

மூன்றாவதாக வந்தவர் பத்மப்ரியா, அல்வாலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்வீட்டி அவரைப் படுக்க வைத்தாள், திருப்பினாள், உருட்டினாள். கண்கள் இம்மிகூட அசையவில்லை. டீச்சருக்குச் சுற்றவும் இல்லை.

"படுத்தா ஒண்ணும் இல்லை மேடம். சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு அலமாரிக்கு நடுவுல நடந்தா தரை மிதக்கற மாதிரி இருக்கும். போர்டுல எழுதிட்டுத் திரும்பிப் பசங்களைப் பார்த்தா மிதக்கும். கண்ணை மூடினா சரியாப் போகுது. எல்லாரும் பிரமைன்னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர்கூட."

ஸ்வீட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். எப்போது ஆரம்பித்தது? அதற்கு முன்னால் காய்ச்சல் வந்ததா? பஸ்ஸில் வருமா? கூட்டத்தில்? நடக்க வைத்தாள், ஒற்றைக்காலில் நிற்க வைத்தாள், விரலைப் பின்தொடர வைத்தாள். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய ஆபத்து எதுவும் இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை உறுதி செய்துகொண்டாள். அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. கடுகு போட்ட குழாயால் இதை விளக்க முடியாது. இது காதிலிருந்து வருகிறதா, கண்ணிலிருந்தா, இரண்டையும் கேட்டு முடிவு பண்ணுகிற மூளையிலிருந்தா? ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் இரண்டு கேள்வி வந்து நின்றது. வெளியே மெஷினின் மணி அடித்து ஓய்ந்ததுகூட அவள் காதில் விழவில்லை.

"டீச்சர், இது பிரமை இல்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "ஆனா என்னன்னு எனக்குத் தெரியலை. நான் படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். திங்கட்கிழமை சாயங்காலம் வர முடியுமா?"

பத்மப்ரியா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. ஜெகதீஸ்வரன் மெதுவாகக் கேட்டார்: "திங்கட்கிழமை உனக்கு மாதாப்பூர்ல ஜாயினிங் இல்லையாம்மா?"

ஸ்வீட்டி ஃபோனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"பிளஸ்ஸா, நான் திங்கட்கிழமை வரலைடா. வேலை வேண்டாம்னு எழுதிடறேன்."

"கைக்கு? ஏன்? என்னாச்சு அக்கா?"

"இங்கே ஒரு டீச்சர் வந்தாங்க. எல்லா டெஸ்ட்டும் பண்ணிப் பாத்துட்டேன். அவங்களுக்கு என்னன்னு எனக்கு ஒண்ணுமே புரியலைடா!"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அக்கா அழுகிறாளோ என்று பயந்துபோய் பிளஸ்ஸன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.